பாக்கெட் மீன் வாங்குகிறீர்களா? குளிரையும் பில்லையும் கவனியுங்கள்

தூத்துக்குடியோ ராமேசுவரமோ, மதுரைக்குக் கடல்மீன் சுமார் 150 கிலோமீட்டர் கடந்துதான் வர வேண்டும். கரிமேடு மீன் சந்தையில் 2020-இல் உணவுப் பாதுகாப்புத் துறையினர் ஃபார்மலின் என்ற ரசாயனம் கலந்த மீனைப் பறிமுதல் செய்தது பலருக்கும் நினைவிருக்கும். அந்தப் பயத்தில் முள் நீக்கி உறையவைத்த பாக்கெட் மீனை நாடுவது தவறில்லை. ஆனால், மைனஸ் 18 டிகிரி குளிர் வழியில் எங்கும் விட்டுப்போகாமல் இருந்தால்தான் அது நல்ல மீன். உறையவைத்தால் கிருமிகள் பெரும்பாலும் சாவதில்லை, அடங்கித்தான் கிடக்கும். மீன் உருகினால் மறுபடி பெருகும்.

கடையில் பாக்கெட்டைத் தடவிப் பாருங்கள். துண்டுகள் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தால், உள்ளே பனி தடிமனாகப் படிந்திருந்தால், மூலையில் நீர் வடிந்து உறைந்திருந்தால், அது இடையில் உருகிய மீனாக இருக்கலாம், வாங்காதீர்கள். மேலூருக்கோ உசிலம்பட்டிக்கோ பஸ் ஏறுபவர்கள் மீனைக் கடைசியாக வாங்கி, ஐஸ் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

வீட்டில் முதல்நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். காற்று நீக்கிய உறை என்றால் வெட்டித் திறந்தபின் உருகவிடுங்கள். காற்றில்லாத இடத்தில் வளரும் கொடிய நச்சுக்கிருமி உண்டு. பனி போகாமல் தோசைக்கல்லில் போட்டால் மசாலா கருகும், நடுப்பகுதி வேகாது. தடித்த இடத்தைப் பிட்டுப் பாருங்கள்: சதை வெளுத்து, அடுக்கடுக்காகப் பிரிய வேண்டும்.

அயிலை, சூரை, மத்தி போன்றவை குளிரின்றிக் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சு உண்டாகும். வறுத்தாலும் உறையவைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

உங்கள் உரிமை என்ன?

மீன் வகை, நிகர எடை, காலாவதித் தேதி, 14 இலக்க உரிம எண் ஆகியவை உறையில் இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 40-இன்படி, கட்டணம் செலுத்தி உணவை நீங்களே ஆய்வுக்கு அனுப்பலாம். அந்த எண்ணத்தை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். விதிமீறல் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பாதுகாப்பற்ற உணவால் உடல்நலம் கெட்டவர்களுக்குப் பிரிவு 65 இழப்பீடு தருகிறது.

புகார் செய்வது எப்படி?

உறையையும் மீதி மீனையும் எறியாமல் ஃப்ரீசரில் வையுங்கள். படம் எடுங்கள். மருத்துவச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் புகார் அனுப்பலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே கிடையாது.

இதற்கெல்லாம் முதல் சாட்சி பில்தான். கால் கிலோ வாங்கினாலும் பில்லைக் கேட்டு வாங்குங்கள்.