காரைக்கால் பெட்ரோலும் கை முறுக்கும்

சக்கரக் கணக்கு – 9

சனிக்கிழமைகளில் காரைக்கால் மாவட்டத்துத் திருநள்ளாறு ஊரே, சனி பகவான் கோயிலுக்கு வரும் வண்டிகளால் நிரம்பிவிடும். வேன், பஸ், ஆட்டோ, குடும்பத்தோடு வரும் கார்கள். இவற்றுக்கு நடுவே இப்போது இன்னொரு ரகமும் கண்ணில் படுகிறது. உயரமான சீட், கொக்கு மூக்கு போல நீண்ட முன்பக்கம், இரண்டு புறமும் அலுமினியப் பெட்டி, சேறு காய்ந்த டயர். ‘அட்வென்ச்சர் டூரர்’ என்று அழைக்கப்படும் பெரிய மோட்டார் சைக்கிள்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துச் சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வருகிறவர்கள் திரும்பும் முன் செய்யும் வேலை ஒன்றுதான்: டேங்க்கை ஃபுல் செய்வது.

பங்க்கில் நிற்கும்போது அந்த வண்டிக்காரர்களிடம் யாராவது ஒருவர் கேட்காமல் இருக்கமாட்டார்: “லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது அண்ணே?”

“இருபது” என்று பதில் வந்தால், கேட்டவருக்குத் தூக்கிவாரிப் போடும். அவருடைய ஸ்ப்ளெண்டர் அறுபது கொடுக்கிறதே!

டேங்க்கை இங்கே நிரப்பிக்கொள்வதற்குக் காரணம் வரி. பெட்ரோல் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பம்போல் மதிப்புக்கூட்டு வரி போடுகிறது. தமிழ்நாடு 2021 ஆகஸ்டிலிருந்து 13 சதவீதத்தோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும் சேர்த்து வாங்குகிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் விட்டுச்சென்ற காரைக்கால், தமிழ்நாட்டு மாவட்டங்களால் சூழப்பட்டிருந்தாலும் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் பகுதி. இங்கே வரி குறைவு. 2025 ஜனவரியில் புதுச்சேரி அரசு வரியைக் கொஞ்சம் ஏற்றிய பிறகும், பக்கத்து நாகப்பட்டினத்து விலையைவிடக் காரைக்கால் விலை சில ரூபாய் குறைவாகவே இருக்கிறது. நாகூர், தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்து தமிழ்நாட்டு நம்பர் வண்டிகள் இங்கே வந்து வரிசையில் நிற்பது இதனால்தான்.

இந்த லாபத்துக்கு ஓர் எல்லை உண்டு. வித்தியாசம் ஐந்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லிட்டர் ஏறக்குறைய நூறு ரூபாய் விற்கும் காலத்தில் இது இருபதில் ஒரு பங்கு. ஆகவே, ஃபுல் டேங்க்கில் வண்டி எவ்வளவு தூரம் ஓடுமோ, அதில் இருபதில் ஒரு பங்குக்குள் போய்வர முடிந்தால்தான் லாபம். 400 கி.மீ. ஓடும் பெரிய வண்டிக்குப் போகவர 20 கி.மீ. ஸ்ப்ளெண்டருக்கும் ஏறக்குறைய 30 தான். எல்லையிலிருந்து பத்து, பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர் பெட்ரோலுக்காக மட்டும் காரைக்காலுக்கு வந்தால், மிச்சம் பிடித்ததை வழியிலேயே எரித்துவிடுவார். கோயிலுக்கு வந்தவர் போட்டுக்கொண்டு போவது வேறு கணக்கு.

இனி, அந்த ‘லிட்டருக்கு இருபது’ பதிலுக்கு வருவோம். இந்த வண்டிகள் ஏன் இவ்வளவு குடிக்கின்றன?

பிஎம்டபிள்யூ ஆர் 1300 ஜிஎஸ் வண்டியைப் பாருங்கள். இந்தியாவுக்கு 2024-ல் வந்தது. எடை 237 கிலோ, சக்தி 145 குதிரை. நூறு கிலோமீட்டருக்கு 4.8 லிட்டர் என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. நம் பாஷையில் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 21 கி.மீ. மாருதி ஸ்விஃப்ட் காருக்குச் சொல்லப்படும் மைலேஜ் 24.8. ஐந்து பேர் உட்காரும் காரைவிட இரண்டு பேர் உட்காரும் வண்டி அதிகம் குடிக்கிறது.

முதல் காரணம் காற்று. கார் தாழ்வாக, வழவழப்பாக இருக்கிறது. காற்று அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். அட்வென்ச்சர் வண்டியில் ஆள் நிமிர்ந்து உட்காருகிறார். அவர் நெஞ்சு, ஹெல்மெட், முழங்கை, கைப்பிடிக் காப்பு, கண்ணாடி, பெட்டிகள் என்று காற்றை மறிக்க ஆயிரம் முனைகள். முன்பக்கப் பரப்பில் கார் இரண்டு மடங்குக்கு மேல் பெரிது. ஆனால் காற்றைக் கலைப்பதில் மோட்டார் சைக்கிள் காரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு மோசம். பெருக்கிப் பார்த்தால் காற்றுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்தத் தடை வேகத்தோடு ஏறும் விதம்தான் விஷயமே. வேகம் ஒன்றரை மடங்கானால் காற்றின் தடை இரண்டே கால் மடங்காகும். அந்தத் தடையை உடைக்க எஞ்சின் தரவேண்டிய சக்தி ஏறக்குறைய 3.4 மடங்கு. இது 80-க்கும் 120-க்கும் உள்ள வித்தியாசம். 80-ல் நிதானமாகப் போகும்போது லிட்டருக்கு 25-ஐத் தொடும் வண்டி, 120-ல் பிடித்தால் 18-க்குச் சரிவது இதனால்தான்.

காவிரி டெல்டாவில் இந்தத் தடைக்கு இன்னொரு கூட்டாளியும் உண்டு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்த மாதத்தில் திருநள்ளாற்றிலிருந்து மேற்கே கும்பகோணம் நோக்கிப் போனால், காற்று நேரே முகத்தில் அடிக்கும். வண்டி 80-ல் போக, எதிர்க்காற்று 20-ல் வந்தால், காற்றைப் பொறுத்தவரை நீங்கள் 100-ல் போகிறீர்கள். தடை ஒன்றரை மடங்குக்கு மேல். இங்கே மலை கிடையாது, ஏற்றம் கிடையாது, எஞ்சின் சண்டை போடுவது பெரும்பாலும் காற்றோடுதான். கிழக்கே திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும். போகும்போது இழந்ததில் ஒரு பகுதியைத் தரும், முழுவதும் தராது.

இரண்டாவது காரணம் எஞ்சினின் அளவு. நெல்வயல்களுக்கு நடுவே 60-ல் போக இந்த மாதிரி வண்டிக்குத் தேவைப்படுவது நான்கைந்து குதிரைச் சக்திதான். அதற்கு 145 குதிரை எஞ்சின். ஊர்ச் சாப்பாட்டுக்கு வைக்கும் அண்டாவில் இரண்டு பேருக்குக் காப்பி போடுகிற மாதிரி. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சமாகத் திறந்து வைத்திருக்கும்போது, எஞ்சின் காற்றை உறிஞ்சவே திணறி, அதிலேயே சக்தியை வீணடிக்கிறது. உள் உராய்வோ வண்டி மெதுவாகப் போகிறதென்று குறைந்துவிடுவதில்லை.

நடுத்தர வண்டிகள் தப்பிப்பது இந்த இடத்தில்தான். இந்த வகையில் அவை நம் பக்கத்துச் சரக்கும்கூட. ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 2016-ல் 411 சிசியோடு வந்தது. 2023-ல் வந்த 452 சிசி ஹிமாலயனுக்கு 40 குதிரை, 17 லிட்டர் டேங்க். பிஎம்டபிள்யூவின் ஜி 310 ஜிஎஸ் ஓசூர் டிவிஎஸ் ஆலையில் உருவானது. டிவிஎஸ் தன் பெயரிலேயே 2025 அக்டோபரில் அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300-ஐக் கொண்டுவந்தது. ஹிமாலயனை நிதானமாக ஓட்டுகிறவர்கள் 28, 30 என்று சொல்வதைக் கேட்கலாம். பெட்டி, ஆள், காற்று எல்லாம் அதே. எஞ்சின் மட்டும் வேலைக்கேற்ற அளவு.

பிறகு ஏன் சில பெரிய வண்டிகளுக்கு முப்பது லிட்டர் டேங்க்? ஆர் 1250 ஜிஎஸ் அட்வென்ச்சருக்கு அவ்வளவு கொள்ளளவு. நிரப்பினால் பெட்ரோல் மட்டுமே 22 கிலோ. இந்த ரகத்தின் ஆதி வண்டி 1980-ல் வந்த ஆர் 80 ஜி/எஸ். மறு ஆண்டே பாரிஸ்–டக்கார் பந்தயத்தில் பிஎம்டபிள்யூ ஜெயித்தது. சகாராவில் பங்க் இல்லை. நம் நாட்டிலும் மணாலி–லே சாலையில் தாண்டி என்ற இடத்தைக் கடந்தால், அடுத்த பங்க் 365 கி.மீ. தள்ளி என்று பலகை வைத்திருந்த காலம் உண்டு. அங்கே பெரிய டேங்க் உயிர் காக்கும். சில கிலோமீட்டருக்கு ஒரு பங்க் இருக்கும் டெல்டாவில் அது வெறும் சுமை.

எத்தனாலையும் சொல்லியாக வேண்டும். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். கரும்பு, மக்காச்சோளம், இந்திய உணவுக் கழகத்தின் உபரி அரிசி ஆகியவற்றிலிருந்து வருவது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் ஆறேழு சதவீத ஆற்றல் போகும். எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம் என்பதால், அதற்கேற்ப அமைத்த எஞ்சின்கள் ஒரு பகுதியை மீட்டுவிடும். 10 சதவீதக் கலவைக்கு அமைத்த பழைய இருசக்கர வண்டிகளில் இழப்பு 3 முதல் 4 சதவீதம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை மதிப்பிட்டது. இருபது கொடுத்த வண்டி பத்தொன்பதரைக்குக் கிட்டே வரும்.

உங்கள் வண்டியின் நிஜக் கணக்கைத் தெரிந்துகொள்ள மீட்டரில் ஓடும் எண்ணை நம்பவேண்டாம். சென்டர் ஸ்டாண்டு போட்டு ஃபுல் செய்யுங்கள், ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறையும் அதே பங்க்கில், அதே மாதிரி நிறுத்தி, ஆட்டோ கட் ஆகும் வரை போடுங்கள். ஓடிய தூரத்தை லிட்டரால் வகுத்தால் போதும். நான்கைந்து முறை செய்து சராசரி எடுத்தால்தான் பேசத் தகுந்த எண் கிடைக்கும்.

கடைசியாக ஒரு கூட்டல் கழித்தல். சென்னையிலிருந்து திருநள்ளாறு ஏறக்குறைய 300 கி.மீ. லிட்டருக்கு 25 கொடுக்கும்படி ஓட்டினால் 12 லிட்டர். 18-க்கு இறங்கும்படி முறுக்கினால் 16.7 லிட்டர். வித்தியாசம் 4.7 லிட்டர், ஏறக்குறைய 470 ரூபாய். காரைக்காலில் 15 லிட்டர் போட்டு மிச்சம் பிடிப்பது 75 ரூபாய். புதுச்சேரி அரசு வரியில் தரும் சலுகையைப் போல ஆறு மடங்கு உங்கள் வலது கையிலேயே இருக்கிறது. அதை வாங்க எல்லை தாண்டத் தேவையில்லை.

(அடுத்த வாரம்: நரிமணத்துக் கச்சா எண்ணெய், டெல்டா மண்ணுக்கு அடியிலிருந்து பங்க் வரை)