மழைக்கு முன் கிடங்குக் கூரையைச் சோதியுங்கள்: ஒழுகல் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்து அடைக்கும் முறை

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில்தான் குறுவை நெல் அறுவடையாகிறது. ஆடிப்பட்டத்தில் விதைத்த நிலக்கடலையும் ஐப்பசி, கார்த்திகையில் வீடு வந்து சேரும். சம்பாவுக்கு வாங்கிய உரமூட்டைகளும் அதே கிடங்கில்தான் இருக்கும். ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியைத் தரும் இந்தப் பருவத்தில் கூரை ஒழுகினால், களத்தில் காப்பாற்றிய விளைச்சலைக் கிடங்கில் இழக்க நேரிடும்.

20 அடிக்கு 40 அடி அளவுள்ள ஒரு கொட்டகையின் மேல் 5 செ.மீ. மழை பெய்தால், அந்தக் கூரையில் விழும் தண்ணீர் ஏறத்தாழ 3,700 லிட்டர். அதில் நூற்றில் ஒரு பங்கு உள்ளே வந்தாலும் 37 லிட்டர். இரண்டு, மூன்று மூட்டைகளை முழுதாக நனைக்க இது போதும்.

ஒழுகும் கூரையைச் சரிசெய்யும்போது பலரும், சொட்டும் இடத்துக்கு நேர் மேலே சிமென்டையோ தாரையோ பூசிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அடுத்த மழையில் மறுபடியும் ஒழுகும். சொட்டும் இடம் வேறு, தண்ணீர் நுழையும் இடம் வேறு என்பதுதான் காரணம். நுழையும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அடைக்கும் வேலை பெரும்பாலும் எளிது, செலவும் குறைவு.

ஈரம் ஏறினால் என்ன ஆகும்?

விதை நெல்லில் ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேலும், விதை நிலக்கடலையில் 9 சதவீதத்துக்கு மேலும் இருக்கக்கூடாது. கொள்முதல் நிலையங்களில் நெல்லுக்கான வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மூட்டையின் ஒரு மூலை நனைந்தாலும் அந்த இடம் சூடேறி, பூசணம் பிடித்து, பக்கத்து மூட்டைக்கும் பரவும். யூரியா ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டிப் போகும்.

நிலக்கடலை, மக்காச்சோளம், பிண்ணாக்கு ஆகியவற்றில் வரும் பூசணம் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கக்கூடியது. வெயிலில் காயவைத்தாலும், வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. பூசணம் பிடித்ததை மாட்டுக்குப் போட்டால் அந்த நஞ்சின் ஒரு பகுதி பாலிலும் வரும்.

முதலில் இது ஒழுகல்தானா என்று பாருங்கள்

மழையே இல்லாத நாளில், விடியற்காலையில் தகர ஷீட்டின் அடிப்பக்கம் முழுவதும் முத்து முத்தாக நீர் கோத்து சொட்டினால் அது ஒழுகல் அல்ல. உள்ளே இருக்கும் ஈரக்காற்று, இரவில் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராக மாறுகிறது. சரியாகக் காயாத நெல்லை அடுக்கிய கிடங்கில் இது அதிகமாக இருக்கும். இதற்குக் கூரையில் எதைப் பூசினாலும் பயனில்லை. தானியத்தை நன்கு காயவைப்பதும், முகட்டுக்குக் கீழே எதிரெதிர் சுவர்களில் காற்றுப் போக்கிகள் வைப்பதும்தான் தீர்வு.

மழை பெய்யும்போது மட்டும், குறிப்பிட்ட இடங்களில் மட்டும் சொட்டினால் அது ஒழுகல். அதிலும் ஒரு குறிப்பு கிடைக்கும். நேராகப் பெய்யும் மழையில் ஒழுகாமல், காற்றோடு சாரல் அடிக்கும்போது மட்டும் ஒழுகினால் ஓட்டையைத் தேட வேண்டாம். ஷீட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இணைப்பு, முகடு, சுவரோடு சேரும் ஓரம் ஆகியவற்றைப் பாருங்கள். ஐப்பசி மழையில் மட்டும் ஒழுகும் கொட்டகையில் வடக்கு, கிழக்குப் பக்கங்களை முதலில் சோதிக்க வேண்டும்.

நுழையும் இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை

தண்ணீர் மேலிருந்து கீழேதான் ஓடும். எனவே நுழையும் இடம் எப்போதும் சொட்டும் இடத்தைவிட உயரத்தில் இருக்கும். ஸ்க்ரூ ஓட்டை வழியாக நுழையும் நீர், ஷீட்டின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு சரிவில் இறங்கி, குறுக்குச் சட்டத்தில் முட்டியதும் சொட்டும். சில நேரம் சட்டத்தின் வழியாகவே பக்கவாட்டில் ஓடி, சட்டம் தாழ்ந்திருக்கும் இடத்தில் விழும்.

1. உள்ளிருந்து பார்க்கவும். நல்ல வெயில் நேரத்தில் கதவு, சன்னல்களை மூடிவிட்டு உள்ளே நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் ஊசித் துளைகள்கூட வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும்.

2. தடத்தைப் பின்தொடரவும். சொட்டும் இடத்தில் தொடங்கி, அதே வரியில் முகடு வரை டார்ச் அடித்துப் பாருங்கள். துருக் கோடு, வெள்ளைப் படிவு, கறுத்த சட்டம் ஆகியவை தண்ணீர் ஓடிய தடங்கள். அந்தத் தடம் மேலே எங்கே தொடங்குகிறதோ, அங்கே அல்லது அதற்குச் சற்று மேலே நுழைவாய் இருக்கும்.

3. அளந்து குறிக்கவும். சந்தேகமான இடம் பக்கச் சுவரிலிருந்து எத்தனை அடி, முகட்டிலிருந்து எத்தனை அடி என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மேலே ஏறியபின் தேடி அலைய வேண்டியிருக்காது.

4. தண்ணீர் விட்டுச் சோதிக்கவும். அளந்தும் தெளிவாகவில்லை என்றால், கிடங்கைக் காலி செய்துவிட்டு ஓஸ் மூலம் தண்ணீர் விடலாம். கூரையின் கீழ் ஓரத்தில் தொடங்கி, ஒவ்வொரு பகுதியிலும் 10 நிமிடம் விட்டு, பிறகு மேலே நகர வேண்டும். முகட்டில் தொடங்கினால் கூரை முழுவதும் நனைந்து, எந்த இடம் என்று தெரியாது. மழை விழுவதுபோல் மேலிருந்து கீழாக விடுங்கள். கீழிருந்து மேலாகப் பீய்ச்சினால் நல்ல இணைப்பிலும் தண்ணீர் ஏறிவிடும். ஒருவர் உள்ளே நின்று முதல் சொட்டு எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

ஏறும் முன் கவனிக்க வேண்டியவை

கூரை வேலையில் பெரிய ஆபத்து சிமென்ட் ஷீட் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பார்க்க உறுதியாக இருக்கும், ஆனால் காலை வைத்ததும் உடைந்து ஆளோடு கீழே விழும். பழைய ஷீட்டுகளில் இது இன்னும் அதிகம். அதன்மேல் நேரடியாகக் கால் வைக்கவே கூடாது. குறைந்தது இரண்டு குறுக்குச் சட்டங்களின்மேல் பதியும் அளவு நீளமான பலகையைப் போட்டு, அதன்மேல்தான் நகர வேண்டும். தகர ஷீட்டிலும் சட்டத்தின் மேல் வரும் ஸ்க்ரூ வரிசையில் மட்டும் கால் வையுங்கள்.

சிமென்ட் ஷீட்டைத் துளையிடுவது, கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது, உடைப்பது ஆகியவற்றால் கிளம்பும் தூசு நுரையீரலைக் கெடுக்கும். புற்றுநோய்க்கும் காரணமாகும். கழற்ற வேண்டியிருந்தால் தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்குங்கள்.

பனி, மழை ஈரம் காய்ந்தபின் ஏறுங்கள். தனியாக ஏறாதீர்கள், இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். கூரையடியில் மின்வயர் போகிறது என்றால் மெயினை அணைத்துவிடுங்கள்.

எந்த இடத்தை எப்படி அடைப்பது?

*ஸ்க்ரூ, போல்ட் ஓட்டைகள்:* தகரக் கொட்டகைகளில் ஒழுகலுக்கு முதல் காரணம் இதுதான். வெயிலில் ரப்பர் வாசர் காய்ந்து வெடித்துவிடும். வாசரை மட்டும் மாற்றினால் போதும் என்றால் மாற்றிவிடுங்கள். ஓட்டை தேய்ந்து ஸ்க்ரூ பிடிக்காமல் சுற்றினால், 5.5 மி.மீ. ஸ்க்ரூவுக்குப் பதில் 6.3 மி.மீ. ஸ்க்ரூ போடலாம். வாசர் லேசாக அழுந்தும் அளவுக்கு முறுக்கினால் போதும். வாசர் வெளியே பிதுங்கும் வரை முறுக்கினால் அது கிழிந்து, சீக்கிரமே மறுபடியும் ஒழுகும். வளைந்த ஜே போல்ட் உள்ள கூரையில் இரும்பு வாசருக்குக் கீழே தார் வாசர் இருக்கிறதா என்று பாருங்கள். வரி ஷீட்டில் ஸ்க்ரூவும் போல்ட்டும் வரியின் மேட்டில்தான் வர வேண்டும். பள்ளத்தில் அடித்திருந்தால் ஓடும் தண்ணீர் முழுவதும் அதன்மேல்தான் போகும்.

*ஷீட் இணைப்புகள்:* மேல் ஷீட் கீழ் ஷீட்டின்மேல் குறைந்தது 15 செ.மீ. ஏறியிருக்க வேண்டும். பக்கவாட்டில் ஒன்றரை முதல் இரண்டு வரிகள் ஏற வேண்டும். ஏற்றம் குறைந்தால் சாரல் உள்ளே புகும். அந்த இடத்தில் ஸ்க்ரூவைத் தளர்த்தி, இரண்டு ஷீட்டுக்கும் நடுவே பியூட்டைல் டேப் ஒட்டி மறுபடியும் முறுக்குங்கள். வெளி விளிம்பில் மட்டும் பசை பூசினால், மேலிருந்து புகுந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளே தங்கித் துருவேற்றும்.

*துருத் துளைகள்:* துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, துத்தநாக பிரைமர் பூசுங்கள். காய்ந்தபின் துளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 10 செ.மீ. கூடுதலாக வரும்படி பியூட்டைல் ஒட்டுள்ள அலுமினியப் பட்டையை ஒட்டி நன்றாக அழுத்துங்கள். ஈரமோ தூசியோ இருந்தால் ஒட்டாது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் பொத்துக்கொண்டு போகும் அளவுக்குத் துரு இருந்தால் ஒட்டுப்போடாமல் ஷீட்டையே மாற்றுங்கள்.

*சுவரும் ஷீட்டும் சேரும் இடம்:* 20 அடி நீளமுள்ள இரும்பு ஷீட், இரவுக் குளிருக்கும் பகல் வெயிலுக்கும் இடையே 40 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 3 மி.மீ. நீளும். சிமென்ட் அந்த அசைவுக்கு வளைந்து கொடுக்காது, அதனால்தான் தகரத்தில் பூசிய சிமென்ட் சில மாதங்களில் வெடித்துவிடுகிறது. ஷீட்டுக்கு மேலே சுவரில் காடி வெட்டி, அதில் மடித்த தகரப் பட்டையைச் செருகி, ஷீட்டின்மேல் படியுமாறு தொங்கவிடுவதே சரியான முறை. காடியை மட்டும் சிமென்டால் அடையுங்கள். பட்டை ஷீட்டோடு ஒட்டாமல் அசைய இடம் இருக்கட்டும்.

*சிலிக்கான் பசை:* கடையில் கேட்கும்போது ‘நியூட்ரல்’ வகை என்று கேட்டு வாங்குங்கள். வினிகர் போன்ற புளிப்பு வாடை அடிக்கும் வகை, தகரத்தின் துத்தநாகப் பூச்சை அரிக்கும்.

*சிமென்ட் ஷீட்டில் விரிசல்:* மெல்லிய விரிசலாக இருந்து, ஏணியில் நின்றபடியே கை எட்டினால், ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் நீர்த்தடுப்புப் பூச்சும் நடுவே வலைத்துணியும் வைத்து இரண்டு முறை பூசலாம். விரிசல் நீளமாக இருந்தால் ஷீட்டை மாற்றுவதே நல்லது.

*ஓட்டுக் கூரை, கான்கிரீட் தளம்:* ஓட்டுக் கூரையில் நகர்ந்த, உடைந்த ஓடுகளை மாற்றி, அடியில் உள்ள ரீப்பரில் செல் அரித்திருக்கிறதா என்று பாருங்கள். ரீப்பர் தொய்ந்தால் ஓடு மறுபடியும் நகரும். கான்கிரீட் தளத்தில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதுதான் முக்கியம். வடிகுழாய் வாயில் உள்ள சருகை அகற்றி, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் வெடிப்பு இருந்தால் அடையுங்கள்.

மழை தொடங்கிவிட்டால்

நனைந்த கூரையில் எந்தப் பசையும் பிடிக்காது. அப்போது தார்ப்பாய்தான் வழி. ஒழுகும் இடத்தை மட்டும் மூடினால் மேலிருந்து வரும் நீர் தார்ப்பாய்க்கு அடியில் புகுந்துவிடும். முகட்டைத் தாண்டி மறுபக்கம் வரை போட்டுக் கட்டுங்கள்.

மூட்டைகளை மரச்சட்டத்தின்மேல், சுவரிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு அடி தள்ளி அடுக்குங்கள். பிளாஸ்டிக் தாளால் மூட்டைகளை நாலாபுறமும் இறுக்கி மூடாதீர்கள். உள் ஈரம் வெளியேறாமல் மூட்டையே வியர்க்கும். மேலே மட்டும், காற்றுப் புக இடைவெளி விட்டுக் கட்டுங்கள்.

நனைந்த மூட்டையை அன்றே பிரித்து, உலர்ந்ததோடு கலக்காமல் தனியே பரப்பிக் காயவையுங்கள். பூசணம் பிடித்த கடலையையும் பிண்ணாக்கையும் வீட்டுக்கும் மாட்டுக்கும் பயன்படுத்த வேண்டாம்.

ஆண்டுக்கு இருமுறை

பங்குனி, சித்திரையில் ஒருமுறையும் ஆவணி, புரட்டாசியில் ஒருமுறையும் கூரையைச் சோதிப்பது நல்லது. கோடையில் சோதித்தால் ஷீட் மாற்றும் பெரிய வேலைக்கு நேரம் கிடைக்கும். மாட்டுக் கொட்டகையிலும் உரக் கிடங்கிலும் சாணம், சிறுநீர், உரம் ஆகியவற்றிலிருந்து வரும் ஆவியும் தூசியும் தகரத்தை அடிப்பக்கமிருந்தே அரிக்கும். அங்கே மேலே பார்ப்பது மட்டும் போதாது, கீழிருந்தும் பார்க்க வேண்டும். முதல் மழை பெய்யும்போது டார்ச்சுடன் கிடங்குக்குள் ஒரு சுற்று வந்து, சொட்டும் இடங்களைச் சாக்பீஸால் தரையில் குறித்துவையுங்கள். மழை விட்டதும் வேலையைத் தொடங்க அந்தக் குறிகள் உதவும்.