கத்ரி என்னும் குடிப்பெயர்

ஷா ஆலத்தை அடுத்த புக்கிட் ஜெலுத்தோங்கிலிருந்து ரவாங் பக்கமாகச் செல்லும் நெடுஞ்சாலைக்குக் ‘கத்ரி’ என்று பெயர். 2005ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இச்சாலை ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளமுடையது. இவ்வழியே ஒருமுறை கிள்ளானிலிருந்து தமிழாசிரியர் ஒருவருடன் காரில் சென்றுகொண்டிருந்தேன். பெயர்ப்பலகையைக் கண்டதும் அவர், “ஐயா, இது ஸ்காட்லாந்துக்காரர் பெயர், ஆனால் வேர் நம்முடையது, தெரியுமா?” என்றார். ஸ்காட்லாந்தின் பழமொழியாகிய கேலிக்கில் காற்றைக் குறிக்கும் சொல்லிலிருந்தே கத்ரி வந்தது என்று ஏதோ ஒரு நூலில் படித்திருக்கிறார். அச்சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்தால் ‘கஓத்’ என்று வரும். “நம் பேச்சில் ‘காத்து’ என்கிறோமே, அதுதான்!” என்று தொடையைத் தட்டினார்.

அவர் மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ‘கிள்ளான்’ என்ற ஊர்ப்பெயரைச் சோழன் கிள்ளியோடு முடிச்சுப்போடும் ஆசை இளமையில் எனக்கும் இருந்தது. ஆயினும் அன்று பேசாமல் விட்டதை இங்கே பேசலாம் என்று எண்ணுகிறேன். இந்நாட்டில் இப்பெயரைப் போல நம் மக்களின் வாழ்வோடு பின்னிக்கிடந்த அயற்பெயர்கள் மிகச் சில. தோட்டங்களில் மூன்று, நான்கு தலைமுறை உழைத்தவர் பலர் இப்பெயர் கொண்ட நிறுவனத்தின் சம்பளத்தை வாங்கியவர்களே.

கத்ரி முதலில் ஆளின் பெயரன்று, ஊரின் பெயர். ஸ்காட்லாந்தின் கீழ்க்கரையை ஒட்டிய ஆங்கசு வட்டாரத்தில், ஃபார்ஃபர் நகருக்குக் கிழக்கே அச்சிற்றூர் இன்றும் இருக்கிறது. ‘காற்று வீசும் இடம்’ என்பதே அப்பெயரின் பொருள் எனப் பெயராய்வாளர் பெரும்பாலோர் கொள்வர். வட கடற்காற்றுக்கு அண்மையில் உள்ள ஊருக்கு அது பொருந்தாத பெயரன்று. ஆனால் அவ்வூர் மக்கள் இதைவிடச் சுவையான கதை ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

அரசன் ஒருவன் புயலில் அகப்பட்டுக் கரையேறினானாம். இரண்டாம் தாவீது என்பாரும் உளர். அவன் பிரான்சு நாட்டிலிருந்து திரும்பிப் பெர்வி என்னும் இடத்தில் இறங்கியது 1341இல். பசியோடு வந்த அரசனையும் அவன் துணைவரையும் கண்ட மீனவப் பெண் இரண்டு மீனை எடுத்துக் குடல் களைய முற்பட்டாள். ‘மூன்றைக் களை’ என்றான் அரசன். ஆங்கிலத்தில் ‘கட்’ என்றால் குடலை நீக்குதல். ‘த்ரீ’ என்றால் மூன்று. ‘இனி உன் குடிக்குக் கட்-த்ரீ என்பதே பெயர்’ என்று அவன் நிலமும் அளித்தானாம்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆவணம் ஒன்று குறுக்கே நிற்கிறது. சிங்க வில்லியம் எனப்பட்ட அரசன் 1165 முதல் 1214 வரை ஆண்டவன். ஆபுரோத் என்னும் ஊரில் தான் எடுப்பித்த மடத்துக்குக் கத்ரி ஊர்க் கோயிலை அவன் அளித்திருக்கிறான். நம் நாட்டு அரசர் கோயிலுக்கும் பள்ளிக்கும் ஊர் விட்டு, கல்லிலும் செம்பிலும் வெட்டுவித்தது போன்ற செயல் அது. ஆக, தாவீது கரையேறுவதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னமே ஊரும் இருந்தது, பெயரும் இருந்தது. மீன் கதை பெயரிலிருந்து பிறந்ததேயன்றிப் பெயர் மீன் கதையிலிருந்து பிறந்ததன்று.

தமிழாசிரியர்களுக்கு இது புதிதன்று. சிராப்பள்ளிக்குத் திரிசிரன் என்ற மூன்று தலை அரக்கன் வந்து சேர்ந்த வகை நாம் அறிந்ததே. ‘குளிர் தண்டலை’ குளித்தலையாகத் திரிந்தபின், யார் குளித்தார், யார் தலை என்று கதை தேடத் தடை என்ன? இரா.பி. சேதுப்பிள்ளை ‘ஊரும் பேரும்’ எழுதியபோது அவருக்குக் கைகொடுத்தவை கல்வெட்டும் பழம்பாடலுமேயாம். அயர்லாந்திலோ இன்னும் ஒருபடி மேலே போயிருக்கிறார்கள். அங்கே கிளேர் வட்டாரத்தில் லாகிப் என்னும் குடியினர் சிலர் கத்ரி ஆயினர். தம் பெயரைச் சேற்றைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லாகப் பிழைபடக் கொண்டு, அதற்கு ஆங்கிலத்தில் ‘கட்டர்’ என்னும் சாக்கடைச் சொல்லை நினைத்து, அதன் ஒலிக்கு அண்மையில் கிடைத்த கத்ரியைச் சூட்டிக்கொண்டார்களாம். பிழையின்மேல் பிழை, ஆயினும் அதுவும் இன்று உண்மையான குடிப்பெயரே.

ஸ்காட்லாந்துக் குடிப்பெயர்களில் ‘மக்’ என்று தொடங்குபவையே நமக்கு மிகவும் பழக்கம். மக்டொனால்டு என்றால் டொனால்டின் மகன். இங்கேயும் ‘மக்’, ‘மகன்’ என்று நம் காது எழுந்து நிற்கும். ஆனால் கேலிக்குக்கு உறவான வெல்சு மொழியில் அதே சொல் ‘மாப்’ என வரும். இரண்டுக்கும் முற்பட்ட வடிவில் இருந்த ஓர் ஒலி ஒரு கிளையில் ககரமாகவும் மறுகிளையில் பகரமாகவும் பிரிந்தது. நம் மகனுக்கு அத்தகைய பிறப்பில்லை. அவன் உறவினர் தெலுங்கிலும் கன்னடத்திலும் வழங்கும் ‘மக’ என்பதோடு நிற்கின்றனர்.

மற்றொரு வகை, நிலத்தால் வந்த பெயர். கத்ரி அவ்வகை. அந்நிலத்தை உடையவர் அந்நிலத்தின் பெயரால் அழைக்கப்பட்டார். நம் கோவூர் கிழாரும் ஆலத்தூர் கிழாரும் இப்படித்தான் பெயர் பெற்றனர். வேறுபாடு ஒன்றுண்டு: கிழாரின் மகன் ‘கோவூர்’ என்பதைக் குடிப்பெயராக ஏந்தி அயல்நாட்டுக்குப் போகவில்லை. கத்ரியின் மக்கள் போனார்கள். 1468இல் அரசனின் பொருளமைச்சராயிருந்த சர் டேவிட் கத்ரி அவ்வூரில் கோட்டை கட்ட உரிமை பெற்றார். அது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அக்குடியினரிடமே இருந்தது.

இனி நண்பரின் ‘காத்து’க்கு வருவோம். நம் பேச்சில் வரும் தகரம் பழையதன்று. நேற்று ‘நேத்து’ ஆனது போல, காற்று ‘காத்து’ ஆயிற்று. காற்றுக்கும் முன்னே போனால் ‘கால்’ என்ற சொல் நிற்கிறது. சங்கச் செய்யுளில் காற்றுக்கு அதுவே பெயர். தெலுங்கின் ‘காலி’யும் கன்னடத்தின் ‘காளி’யும் அதன் இனம். தமிழ்ச்சொல்லைப் பின்னோக்கித் தொடரத் தொடரத் தகரம் மறைந்து லகரம் வெளிப்படுகிறது. கேலிக்கிலோ நிலைமை நேர்மாறு: இன்று பேச்சில் அவ்விறுதித் தகரம் ஒலிப்பதே இல்லை, பழைய ஐரிஷ் மொழியில்தான் ‘காய்த்’ என்பது போல அது முழுமையாக ஒலித்தது. ஆக இரண்டு சொற்களும் இன்றைய எழுத்திலும் பேச்சிலும் ஏதோ ஓர் இடத்தில் உராய்ந்துகொண்டு நிற்கின்றனவே தவிர, காலத்தில் பின்னோக்கிச் செல்லச் செல்ல விலகிப்போகின்றன. உறவுடைய சொற்களானால் பின்னோக்கிச் செல்லும்போது நெருங்கவேண்டுமன்றோ?

இக்குடிப்பெயர் தாங்கிப் புகழ்பெற்றோர் பலர். சமயப் பூசலில் 1661இல் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்ட போதகர் ஜேம்சு கத்ரி ஒருவர். அதே நகரில் 1847இல் ஏழைச் சிறுவர்களுக்கு உணவோடு கல்வி அளிக்கும் பள்ளியைத் தொடங்கிய தாமசு கத்ரி மற்றொருவர். அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் உட்டி கத்ரி, ஆப்பிரிக்காவின் பாந்து மொழிகளை எழுத்தும் எண்ணும் இட்டு வகைப்படுத்திய மால்கம் கத்ரி ஆகியோரைப் பெயரளவில் சுட்டிச் செல்கிறேன். இருவரைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும்.

ஒருவர் பிரான்சிசு கத்ரி. 1852இல் இங்கிலாந்தின் மாவட்டப் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தபோது, எல்லையால் அடுத்தடுத்துள்ள இரண்டு மாவட்டங்களுக்கு ஒரே வண்ணம் வராதபடி செய்ய நான்கு வண்ணமே போதும் என்று கண்டார். எந்தப் படத்துக்கும் இது பொருந்துமா என்று அவர் எழுப்பிய வினாவைத் தம்பி பிரெடெரிக்கு தம் ஆசிரியர் டி மார்கனிடம் கொண்டுபோனார். சிறுபிள்ளைக் கேள்விபோலத் தோன்றும் இதற்கு விடை 1976இல்தான், அதுவும் கணினியின் துணையால், கிடைத்தது. வகுப்பில் மலேசியப் படத்தைக் கொடுத்து மாணவரைத் தீட்டச் சொல்லிப் பாருங்கள்; பாடவேளை முடிவதே தெரியாது.

மற்றவர் அமெரிக்க மருத்துவ அறிஞர் ராபர்ட் கத்ரி. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, ஒருசில துளி இரத்தத்தை ஒற்றுத்தாளில் ஏந்தி, மூளைவளர்ச்சியைக் கெடுக்கும் ஒரு பிறவிநோயை முன்னமே கண்டறியும் வழியை 1960களின் தொடக்கத்தில் வகுத்தவர். நோய் தெரிந்துவிட்டால் உணவை மாற்றிக் குழந்தையைக் காத்துவிடலாம். அவர் மகனே மனவளர்ச்சி குன்றியவன். தங்கையோ மைத்துனியோ பெற்ற பிள்ளை என்னும்படி நெருங்கிய உறவுக் குழந்தை ஒன்றும் அந்நோய்க்கு ஆட்பட்டிருந்தது. குதிகால் குத்தும் அம்முறை உலகின் மகப்பேற்று மனைகளில் பரவிவிட்டது.

நம் நாட்டுக்கு இப்பெயரைக் கொணர்ந்தவர் அலெக்சாண்டர் கத்ரி. கத்ரி ஊர் இருக்கும் அதே ஆங்கசு வட்டாரத்தில், பிரீக்கின் நகரை அடுத்துப் பிறந்தவர். சிங்கப்பூரில் ஆங்கிலக் கொடி ஏறிய இரண்டே ஆண்டில், 1821இல், அங்கே வந்து வாணிகம் தொடங்கினார். பின்னர் அவர் உடன்பிறந்தார் மகன் ஜேம்சு கத்ரி பொறுப்பேற்றார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைமை ஜான் ஆண்டர்சன் கைக்கு மாறியது. ரப்பர் எழுச்சி வந்தது, தோட்டங்கள் விரிந்தன. அதன்பின் கத்ரி என்பது குடிப்பெயராக இல்லாமல் பலகைப் பெயராயிற்று. பெரட்டுக்களத்தில் விடியுமுன் வரிசையில் நின்றவர்கள் துரையைக் கண்டார்கள், கிராணியைக் கண்டார்கள், கங்காணியைக் கண்டார்கள். கத்ரி என்ற ஆளை ஒருவரும் கண்டதில்லை.

1981 செப்டம்பர் 7ஆம் நாள் காலையில் லண்டன் பங்குச் சந்தையில் மலேசியாவின் பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம் கத்ரியின் பங்குகளை வாங்கிக் கட்டுப்பாட்டைக் கைப்பற்றியது. ‘விடியற்கால வேட்டை’ என்று இன்றும் பேசப்படும் நிகழ்ச்சி அது. 2007இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் ஒன்றாக இணைந்தன. கத்ரி என்ற பெயர் நிறுவனப் பட்டியலிலிருந்து ஏறக்குறைய மறைந்தது. 2024இல் சைம் டார்பி தோட்ட நிறுவனம் தன்னை ‘எஸ்டி கத்ரி’ என்று மாற்றிக்கொண்டபோது அது மீண்டும் எழுந்தது. கேம்பல் சாலை டாங் வாங்கி ஆனது. மேக்ஸ்வெல் மலை புக்கிட் லாருட் ஆனது. அவை அரசாங்க அலுவலரின் பெயர்கள், போயின. வணிகனின் பெயர் மட்டும் உடையவர் மாறியபின்னும் விலைபெற்று நிற்கிறது. இதில் வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

பெயர் மாறிய சாலைகளில் பிரிக்பீல்ட்ஸ் சாலையும் ஒன்று. இன்று அது துன் சம்பந்தன் சாலை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், தொழிலாளரே நிலம் வாங்குவதற்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தவர் அவர். அவர் பெயருக்கு முன்னுள்ள இரண்டு எழுத்துகளைப் பாருங்கள். ‘வீ’ என்பது தந்தை வீராசாமி. ‘தி’ என்பது யார்? பாட்டனாரோ ஊரோ அன்று. திருஞானசம்பந்தன் என்ற அவருடைய ஒரே பெயரின் முற்பாதி. அவர் பெயரையே இருநூறு ஆண்டுக்குப்பின் ஒருவன் ஆவணமில்லாமல் ஆராய்ந்தால் எத்தனை மீன் கதை பிறக்கும்!

நம் மக்களுக்கு இத்தகைய ஆவணம் அரசனின் பட்டயம் அன்று. தோட்டத்துச் செக்ரோல் ஏடுதான். கிராணி காதில் விழுந்தபடி எழுதிய பெயரே பல குடும்பங்களில் பிறப்புச் சான்றிதழுக்கும், அங்கிருந்து அடையாள அட்டைக்கும் ஏறியது. அண்ணன் முனியாண்டியின் மகன், தம்பியும் முனியாண்டியின் மகனே. ஆனால் ரோமன் எழுத்தில் தந்தை இருவராகிவிடுகிறார். ‘அனாக் லெலாக்கி’ என்று ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகத் தந்தையைச் சுட்டுவதால், ஒரு தலைமுறையில் விழுந்த எழுத்துப்பிழை அடுத்ததில் தந்தை பெயராகி நின்றுவிடுகிறது. கத்ரி என்பதும் பழைய ஆவணங்களில் பலவாறு எழுத்துக் கூட்டப்பட்டே கிடக்கிறது. ஆனால் அவையெல்லாம் காக்கப்பட்டன. அதனால் ஒன்றென்று அறிய முடிகிறது. தோட்டங்கள் வீட்டுமனைகளான இடங்களில் நம் ஏடுகள் என்னவாயின?

கிள்ளான், காப்பார், பந்திங், கேரித் தீவு வட்டாரத் தமிழ்ப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்க்க வாய்ப்புண்டு. ஒரே குடும்பத்தின் பெயர் இரண்டு மூன்று தலைமுறையில் எவ்வெவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதை மட்டும், ஆளைச் சுட்டாமல், குறித்து வைப்பார்களானால் அதுவே பெரும் பணி. நண்பர் தம் பள்ளியின் ஏட்டைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். ‘காத்து’ பற்றிய பேச்சை மட்டும் இன்னும் விட்டபாடில்லை.