பூஜ்யம் என்றால் 256

ஏடிஏ ரக ஹார்ட் டிஸ்க்கிடம் ‘இத்தனை செக்டார் படித்துக் கொடு’ என்று கேட்கும் பழைய கட்டளையில், அந்த எண்ணிக்கையை எழுத 8 பிட் இடம்தான் உண்டு. 0 முதல் 255 வரைதான் அதில் அடங்கும். பூஜ்யம் செக்டார் வேண்டும் என்று யாரும் கேட்கப்போவதில்லையே! அதனால் பூஜ்யத்துக்கு 256 என்று பொருள் வைத்தார்கள். செக்டாருக்கு 512 பைட்; ஒரு கட்டளைக்கு உச்சவரம்பு 128 கிலோபைட்.

கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் டிஸ்க் டிரைவரைச் சோதிப்பவர் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடமும் இதுவே. 100 செக்டார் கேட்டால் எந்த டிரைவரும் ஒழுங்காகத்தான் தரும். 255, 256, 257 என்று வரம்பை ஒட்டிக் கேட்டால்தான் சாயம் வெளுக்கும். பின்னாளில் வந்த 48 பிட் முகவரிக் கட்டளையில் எண்ணிக்கைக்கு 16 பிட். அங்கே பூஜ்யம் என்றால் 65,536. லினக்ஸ் இந்த வம்பே வேண்டாமென்று 65,535-உடன் நிறுத்திக்கொள்கிறது. ஒரு செக்டாரை விட்டுக்கொடுத்து நிம்மதி வாங்கியிருக்கிறார்கள்; நல்ல பேரம்.

முகவரியிலும் இதே கதை. பழைய கட்டளையின் 28 பிட் முகவரி சுமார் 137 ஜிகாபைட்டோடு முடிந்துவிடும். அதைத் தாண்டும் எண்ணின் மேல் பிட்டுகளை டிரைவர் நழுவவிட்டால், 99,999-க்குப் பிறகு பூஜ்யத்துக்குத் திரும்பும் பழைய ஸ்கூட்டர் மீட்டர் மாதிரி, எழுதுவது டிஸ்க்கின் தொடக்கத்தில் போய் விழும். அங்கேதான் பார்ட்டிஷன் அட்டவணை இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 48 பிட் ஆதரவு முறையாகக் கிடைத்ததே 2002-இல் வந்த சர்வீஸ் பேக் 1-இல்தான்.

இந்தப் பிழையைப் பிடிக்க, ஒவ்வொரு செக்டாரிலும் அதன் எண்ணையே எழுதிவிட்டுத் திரும்பப் படிக்க வேண்டும். ஐந்தாம் செக்டாரில் வேறு எண் இருந்தால் குட்டு உடைந்தது. லினக்ஸ் பிளாக் அடுக்கைப் பராமரிக்கும் யென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய ‘ஃபியோ’ கருவி, எழுதியதை இப்படிச் சரிபார்ப்பதோடு வேகத்தையும் அளந்து தரும்.

வேகத்தை அளக்கும்போதுதான் ஏமாறுவது சுலபம். இயங்குதளம் படித்ததையெல்லாம் ரேமில் சேர்த்து வைத்துக்கொள்ளும். மறுமுறை கேட்டால் டிஸ்க்கைத் தொடாமலே பதில் வரும். ஃபியோவில் ‘டைரக்ட்’ விருப்பத்தைப் போட்டு அந்த கேஷைத் தாண்டிப் போக வேண்டும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி; தலை நகரும் நேரத்தையும் சேர்த்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஒவ்வொன்றாகக் கேட்கும் படிப்புகள் நொடிக்கு நூறைத் தொடுவதே பெரும்பாடு. திரையில் பல்லாயிரம் தெரிந்தால் அளந்தது ரேமின் வேகத்தை.

இதையெல்லாம் கோப்புகள் உள்ள டிஸ்க்கில் செய்து பார்க்கவே கூடாது. ரேமிலேயே போலி டிஸ்க் ஒன்றை உருவாக்கும் ‘ஸ்கசி டீபக்’ என்ற மாட்யூல் லினக்ஸில் உண்டு. சில மெகாபைட்டை வைத்துக்கொண்டு பல டெராபைட் என்று பொய் சொல்லச் சொன்னாலும் சொல்லும். கேட்டபடி பிழையும் காட்டும். ஆனால் அந்தப் பொய்க் கொள்ளளவில் எழுதுவது, இருக்கிற சில மெகாபைட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி விழும். செக்டார் எண் சோதனையை மட்டும் அதன்மேல் நடத்த முடியாது. அதற்கு நிஜமான காலி டிஸ்க் ஒன்று வேண்டும்.