ஆகாயப் பிரயாணத்தில் குழந்தைகளும் முகக்கவசமும்

பெரியோர் பின்னர் வரும் நன்மையை முன்னுணர்ந்து ஒரு சிறு துன்பத்தைப் பொறுத்துக்கொள்வர். குழந்தையோ பின்வரும் நன்மையை அறியாது. அப்பொழுது உற்ற துன்பத்தை மட்டுமே அறியும். ஆதலின், கசப்பு மருந்தைக் கையால் தள்ளும் மகவை நாம் வெகுள்வதில்லை. மடியில் இருத்தி, விளையாட்டுக் காட்டி, சிறிது சிறிதாகப் புகட்டுகின்றோம். மூக்கையும் வாயையும் மூடும் கவசமும் குழந்தைக்கு அத்தகைய மருந்தேயாம். நெடுந்தூர ஆகாய விமானப் பிரயாணத்திலே, பல மணி நேரம் ஓரிடத்தில் அமர்ந்திருக்கும் குழந்தைக்கு அதனை அணிவிப்பது எவ்வாறு? எப்பொழுது அணிவித்தல் தகும்? எப்பொழுது தகாது? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் உள்ள அருள்புரத்தைச் சுற்றி வாழ்வோர்க்கு முகக்கவசம் புதிய பொருளன்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது இப்பகுதியின் பனியன் கம்பெனிகள் மூடப்பட்டன. அவை மீண்டும் இயங்கத் தலைப்பட்ட காலத்தில், ஆடை தைத்துவந்த தையற்பொறிகள் பலவற்றில் முகக்கவசங்கள் தைக்கப்பட்டன. அவ்வாண்டு மே மாதம் 7ஆம் நாள் தொடங்கி, அயல்நாடுகளில் அகப்பட்டுக்கொண்ட இந்தியரை 'வந்தே பாரத்' விமானங்கள் தாயகத்திற்குக் கொணர்ந்தன. கைக்குழந்தைகளோடு வந்தோரும் அவர்களுள் இருந்தனர். ஒழுங்கான அயல்நாட்டு விமானப் போக்குவரத்து 2022 மார்ச்சு 27ஆம் நாளன்றுதான் மீண்டும் தொடங்கிற்று. விமானத்தில் கவசம் கட்டாயம் என்னும் விதி நம் நாட்டில் 2022 நவம்பர் 16ஆம் நாள் நீங்கியது.

விதி நீங்கியபின் இவ்விஷயத்தைப் பேசுவது எதற்கு என்று சிலர் வினவலாம். கட்டாயம் நீங்கினமையாலேயே பொறுப்பு முழுவதும் பெற்றோர்மேல் வந்துள்ளது. நோய் எதிர்ப்பு வலிமை குன்றிய குழந்தையை வைத்தியத்தின் பொருட்டு விமானத்தில் அழைத்துச் செல்வோர் உளர். குளிர்காலச் சளிக்காய்ச்சல் பரவும் நாட்களில், ஊரிலுள்ள முதிய பாட்டனையும் பாட்டியையும் காணக் குழந்தைகளோடு வருவோரும் உளர். கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவர் பலர்க்கு இஃது ஏட்டளவில் நிற்கும் விஷயமன்று.

முதற்கண் ஒன்றை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். கவசத்தை வெறுத்தல் குழந்தைக்கு மட்டும் உரிய குணமன்று. 1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக்கு பரவிற்று. பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன் தே என்பார், அந்நோய் மூச்சின் வழியே ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குத் தொற்றுகின்றது என உணர்ந்து, பஞ்சும் மெல்லிய துணியும் கொண்ட கவசத்தை அனைவரும் அணியும்படி வற்புறுத்தினார். அனுபவத்தில் அவரினும் மூத்த மெனி என்னும் பிரெஞ்சு வைத்தியர் அவர் கொள்கையை ஏற்காது, கவசமின்றி நோயாளரைப் பார்வையிட்டார். 1911 ஜனவரியில் அந்நோய்க்கே இரையானார். கற்றுத் துறைபோய வைத்தியரே மறுத்த ஒன்றை இரண்டு வயதுக் குழந்தை மறுப்பதில் வியப்பென்னை? அங்ஙனமிருந்தும், 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவில், குழந்தை கவசம் அணிய மறுத்ததன் காரணமாகக் குடும்பத்தோடு விமானத்தினின்றும் இறக்கிவிடப்பட்டோர் உண்டு. அழும் குழந்தையை வலிந்து அடக்கித் துணியைக் கட்டுவது தீர்வாகாது. அணியவே வேண்டாமென்று கைவிடுவதும் எல்லாக் காலத்திற்கும் பொருந்தாது.

இனி, எவ்வயதினர்க்கு இது தகும் என்பதைக் காண்போம். உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெப்பு நிறுவனமும் 2020 ஆகஸ்டு மாதத்தில் வெளியிட்ட அறிவுரையின்படி, ஐந்து வயதும் அதற்குட்பட்டதுமான குழந்தைகளைக் கவசம் அணியுமாறு கட்டாயப்படுத்துதல் கூடாது. ஆறு முதல் பதினொரு வயதுவரை உள்ளோர், நோய் பரவும் அளவையும், தாமே ஒழுங்காக அணியும் திறனையும் நோக்கி, பெரியோர் மேற்பார்வையில் அணியலாம். பன்னிரண்டும் அதற்கு மேற்பட்டோரும் பெரியோரைப் போலவே அணிதல் வேண்டும். நம் இந்திய அரசின் சுகாதார அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறையும் இதனையே கூறிற்று. அமெரிக்க நாட்டினர் இரண்டு வயதை எல்லையாகக் கொண்டனர். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒருபோதும் அணிவித்தலாகாது என்பதில் எல்லோரும் ஒருமிடறாக உள்ளனர். அம்மகவு மூச்சுத் திணறினால் கவசத்தைத் தானே நீக்க அறியாது. தன் துன்பத்தை வாய்விட்டுச் சொல்லவும் அறியாது. வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளையும், துணியின் தொடுகையைத் தாங்கமாட்டாத குழந்தைகளையும், வயது எதுவாயினும் கட்டாயப்படுத்தலாகாது.

அங்ஙனமாயின் சிறு மகவுக்குக் காவல் யாது? அருகிலிருக்கும் பெரியோர் தாம் அணிந்துகொள்வதே அதற்குரிய முதற் காவல். சன்னலோர இருக்கையில் அமர்த்தினால், நடைவழியிற் செல்வோரின் நெருக்கம் குறையும். இருமுவோர் அருகில் இருப்பின் இடம் மாற்றித் தருமாறு பணியாளரை வேண்டிக்கொள்ளலாம்.

அணியத்தக்க வயதுடைய குழந்தை அதனை வெறுப்பதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது உடலின் துன்பம். மூச்சின் ஈரத்தால் துணி நனைந்து வெப்பமுறும்; காதின் பின்புறத்தை நாடா அறுக்கும். இரண்டாவது, முகம் மறைவதால் வரும் அச்சம். குழந்தை முகத்தைப் படித்தே மனத்தை அறிகின்றது. எட்வர்டு டிரானிக்கு என்னும் அமெரிக்க உளநூலாரும் அவர் துணைவரும் 1978இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், தாய் சிறிது நேரம் யாதொரு பாவனையும் காட்டாது முகத்தை அசைவற்று வைத்திருந்தபோது, கைக்குழந்தை முதலில் அவளை மகிழ்விக்க முயன்று, பின்னர்க் கலங்கி முகந்திருப்பியது என்று கண்டனர். கவசம் கட்டாயமாயிருந்த காலத்தில் விமானத்திலோ சுற்றிலும் உள்ள முகங்கள் பாதி மறைந்திருந்தன. மூன்றாவது, தன் விருப்பமின்றித் தன்மேல் ஒன்று சுமத்தப்படுகின்றதே என்னும் உணர்ச்சி. இம்மூன்றையும் நீக்கும் வழி பிரயாண நாளில் இல்லை. அதற்கு முந்திய நாட்களில், வீட்டிலேதான் இருக்கின்றது.

'அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்' என்பது நம்மவர் பழமொழி. பிரயாணத்திற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னரே பழக்கத்தைத் தொடங்குக. முதல் நாள் கவசத்தைக் குழந்தையின் கையிற் கொடுத்து, அதன் பொம்மைக்கு அணிவிக்கச் செய்க. மறுநாள் தாய் தன் முழு முகத்தையும் காட்டிச் சிரித்து, பிறகு அதன் கண்ணெதிரே அணிந்து, மீண்டும் கழற்றிக் காட்டுக. துணிக்குப் பின்னால் உள்ளவள் தன் தாயே என்பது அப்பொழுது அதற்குத் தெளிவாகும். பின்னர்க் கண்ணாடியின் முன் நின்று அது தானே அணிந்து பார்க்கட்டும். நூறு எண்ணும் வரை. அடுத்து ஒரு கதை முடியும் வரை. அடுத்து வீட்டிலிருந்து பல்லடம் பேருந்து நிலையம் சேரும் வரை என்று நேரத்தை நீட்டிச் செல்க. அது கழற்றிவிட்டால் கடிந்துகொள்ளாது, மறுநாள் தொடர்க. தானே அணியவும் தானே கழற்றவும் கற்ற குழந்தைக்குக் கவசம் சிறையன்று; தன் உடைமையாகும். நிறத்தையும் பூவேலையையும் அதுவே தெரிந்தெடுக்குமாறு விடுதல் மிகவும் நலம்.

துணியைப் பற்றிப் பின்னலாடைத் தொழில் வளர்ந்த நம் ஊரார்க்குச் சிறப்பாக ஒன்று கூறவேண்டும். பின்னற்றுணி கன்னத்திற்கு மென்மையானது. ஆனால் இழுத்தால் நெகிழ்வது அதன் இயல்பு. இழுக்குந்தோறும் கண்ணிகள் விரிந்து துளைகள் பெரிதாகும். தடுக்கும் ஆற்றல் குறையும். ஆகவே நெகிழும் துணியால் மட்டும் கவசம் தைத்தலாகாது. உலகச் சுகாதார நிறுவனம் 2020 ஜூன் மாதத்தில் மூன்று அடுக்கு முறையைக் கூறிற்று: உள்ளே ஈரத்தை உறிஞ்சும் பருத்தி, நடுவே வடிகட்டும் பாலிபுரோப்பிலீன், வெளியே ஈரம் ஏறாத பாலியெஸ்டர். பெரியோர் கவசத்தை முடிச்சிட்டுச் சுருக்கிக் குழந்தைக்கு அணிவிப்பதைவிட, அதன் மூக்கு முதல் முகவாய் வரை அளந்து தைப்பதே தகும். காது நோகுமாயின், தலைத்துணியில் இரண்டு பொத்தான்கள் தைத்து அவற்றில் நாடாவை மாட்டலாம். கழுத்தைச் சுற்றிக் கயிறு தொங்கவிடுதல் சிறு குழந்தைக்கு ஆபத்து. அதனை முற்றும் தவிர்க்க.

இனி விமானத்தினுள் நுழைவோம். விமானம் 35,000 அடி உயரத்திற் பறப்பினும், உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையின்மேல் உள்ளதற்கு ஒப்பாகும். அஃதாவது, குன்னூரிலும் உதகமண்டலத்திலும் நாம் சுவாசிக்கும் நிலையே. துணிக்கவசம் பிராணவாயுவைத் தடுத்துவிடுமோ என்று அஞ்சுவோர் பலர். துணியின் துளைகளை நோக்கப் பிராணவாயுவின் மூலக்கூறு மிக மிகச் சிறியது. அது தடையின்றிச் சென்று வரும். ஆயினும் விமானக் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் நூற்றுக்கு இருபதுக்கும் குறைவு. நாவும் தொண்டையும் வறளும். அடிக்கடி நீர் பருகச் செய்க. விமானம் இறங்கும்போது காதடைப்பு உண்டாகும். விழுங்கினால் அது நீங்கும். கைக்குழந்தைக்கு அப்பொழுது பாலூட்டுக. வளர்ந்த குழந்தைக்குப் பருக ஏதேனும் கொடுக்க. அச்சமயம் கவசத்தைச் சற்று நீக்குவதால் குற்றமில்லை.

பெற்றோர் பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. பெரிய விமானங்களில் காற்று ஒரு மணி நேரத்தில் இருபது முதல் முப்பது தடவை மாற்றப்படுகின்றது. மறுசுழற்சிக் காற்று நுண்ணிய வடிகட்டிகளின் வழியே வருகின்றது. ஆதலின் பறக்கும் நேரத்தைக் காட்டிலும், வரிசையில் நெருங்கி நிற்கும்போதும், விமானத்தினுள் ஏறி மூட்டைகளை வைக்கும்போதும், தரையிறங்கியபின் எல்லோரும் ஒருங்கே எழுந்து நிற்கும்போதும் ஜாக்கிரதை மிகுதியும் வேண்டும். சென்னையிலிருந்து லண்டனுக்குப் பத்து மணி நேரத்திற்கு மேலாகும். பெங்களூரிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு 2021 ஜனவரியில் ஏர் இந்தியா தொடங்கிய இடைநில்லாப் பிரயாணம் பதினாறு மணி நேரத்தையும் கடந்தது. இத்துணை நேரமும் ஆறு வயதுக் குழந்தை கவசத்தோடு இருக்கவேண்டுமென எதிர்பார்த்தல் பேதைமை. அதன் பொறுமை ஓர் அளவுடையது. அதனை நெரிசல் மிக்க நேரங்களுக்கெனச் சேமித்து வைப்பதே அறிவுடைமை. இடையில் ஒரு கதை, ஒரு படம், ஒரு விளையாட்டு என நேரத்தைப் பகுத்து, ஒவ்வொன்றின் முடிவிலும் சிறு ஓய்வு அளிக்க.

உறங்கும் குழந்தைக்குக் கவசம் கூடாது. உண்ணும்போது அதனை மோவாய்க்குக் கீழே தள்ளிவிடாது முழுவதும் கழற்றுக. நனைந்ததை உடனே மாற்றுக. ஆதலால் பலவற்றை எடுத்துச் சென்று, தூயவற்றை ஒரு பையிலும் பயன்படுத்தியவற்றை வேறொரு பையிலும் வைக்க. ஊர் சேர்ந்தபின் அவற்றைச் சவுக்காரமும் வெந்நீரும் இட்டுத் துவைத்து உலர்த்துக. மற்றொன்று: ஆபத்துக் காலத்தில் மேலிருந்து தொங்கும் பிராணவாயுக் கவசம் வேறு, இத்துணிக்கவசம் வேறு. அது விழுமாயின், பெற்றோர் முதலில் தாம் அதனை அணிந்து, அடுத்துக் குழந்தையின் துணியை நீக்கிவிட்டு அதற்கும் அணிவித்தல் வேண்டும். இதனையும் வீட்டிலேயே விளையாட்டாகச் சொல்லி வைத்தல் நன்று.

குழந்தையின் உதடுகள் நீலம் பாய்ந்தாலும், மூச்சு வாங்கினாலும், வாந்தி வரும் குறி தோன்றினாலும் ஒரு நொடியும் தாழ்க்காது கவசத்தை நீக்கிப் பணியாளரை அழைக்க. நுரையீரலிலோ இருதயத்திலோ நோயுள்ள குழந்தையாயின், பயணச்சீட்டு வாங்குமுன்னரே வைத்தியரைக் கலந்துகொள்க.

கவசத்தின் பயன் அதனைத் தைத்தவர் திறமையோடு முடிவதன்று. அணிவிப்பவர் அறிவையும் பொறுமையையும் பொறுத்தது. அச்சத்தால் அணிந்த கவசத்தைக் குழந்தை நாம் காணாத நொடியிற் கழற்றி எறியும். பழக்கத்தால் அணிந்ததையோ மறந்தே இருக்கும். எனவே, விமானமேறும் நாளைக் குறித்தவுடனே பெட்டியைக் கட்டத் தொடங்குமுன் பழக்கத்தைத் தொடங்குக. நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் அதற்குப் போதும்.