மடித்த காலண்டர் தாள்

வால்டாக்ஸ் சாலை நடைபாதையில் கடைகள் ஷட்டரை இறக்கிய பிறகுதான் பாய் விரிப்பார்கள். என் வேலையும் அப்போதுதான் தொடங்கும். நான் செவிலியர், வளரிளம் பெண்களிடம் உடலைப் பற்றிப் பேசுகிறேன்.

போன மாதம் 16 வயதுப் பெண் ஒருத்தி, மடித்து மடித்து நைந்துபோன நாள்காட்டித் தாளை என் கையில் வைத்தாள். “அக்கா, கடைசியா வந்தது இந்தத் தேதிதான்.” எண்ணிப் பார்த்தேன். 47 நாள். முதல் தடவை கர்ப்பம் தரிக்காது என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். தரிக்கும். இந்தப் பொய்யைத்தான் நான் முதலில் உடைக்கிறேன்.

அவசரக் கருத்தடை மாத்திரையை உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. உண்டாகிவிட்ட கருவை அது கலைக்காது, பால்வினை நோயையும் தடுக்காது. கர்ப்பம், பால்வினை நோய் இரண்டுக்கும் ஆணுறை காவல்.

போலீஸ் பயத்தில் பலர் ஆஸ்பத்திரிக்கே வருவதில்லை. 18 வயதுக்குக் கீழே என்றால் மருத்துவர் போக்சோ சட்டப்படி தகவல் தர வேண்டும், உண்மைதான். ஆனால் கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், அவள் பெயரை அதில் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தப்படி சிறுமிகளுக்கு 24 வாரம் வரை கருக்கலைப்புக்கு வழியுண்டு. காப்பாளர் சம்மதம் வேண்டும். யாராவது வற்புறுத்தினால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம்.

அன்றிரவு அந்தப் பெண்ணும் நானும் கட்டணக் கழிப்பறை மூடுவதற்குள் கர்ப்பச் சோதனை செய்தோம். இரண்டு கோடு. அவள் அழவில்லை, என் விரலை இறுகப் பிடித்துக்கொண்டாள். அம்மாவிடம் இருவருமாகச் சொன்னோம். விடிந்ததும் மூவரும் அரசு மருத்துவமனை வரிசையில் நின்றோம்.