உடலுக்குள் வைத்த கருவியில் நோய்த்தொற்று: மருந்து மட்டும் ஏன் போதுவதில்லை?

செயற்கை மூட்டோ பேஸ்மேக்கரோ பொருத்தப்பட்ட ஒருவருக்கு அந்த இடத்தில் நோய்த்தொற்று ஏற்பட்டுள்ளது என்று மருத்துவர் தெரிவிக்கும்போது, உடனிருக்கும் உறவினர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. "வீரியமான மருந்து கொடுத்துச் சரிசெய்ய முடியாதா? வைத்ததை ஏன் வெளியே எடுக்க வேண்டும்?" நியாயமான கேள்வி. கடன் வாங்கியோ காப்பீட்டை நம்பியோ செய்துகொண்ட அறுவை சிகிச்சை அது. வலி தீர்ந்து நடமாடத் தொடங்கிய வேளையில் மீண்டும் அறுவை அரங்கிற்குள் போக எவருக்கும் மனம் ஒப்பாது. இதற்கு மருத்துவர் தரும் விடைக்குப் பின்னால் 60 ஆண்டுகளுக்கும் மேலான ஆராய்ச்சி இருக்கிறது. அதை நோயாளியும் குடும்பத்தாரும் அறிந்திருந்தால், முடிவெடுக்கும் நேரத்தில் குழப்பம் ஓரளவேனும் குறையும்.

அந்த ஆராய்ச்சியின் தொடக்கம் ஒரு சிறு தையல் நூல். 1957ஆம் ஆண்டில் ஸ்டீபன் எலெக், கோனென் என்னும் இருவர் இங்கிலாந்தில் செய்த சோதனையின் முடிவை வெளியிட்டனர். சீழ்ப்புண்ணை உண்டாக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவைத் தன்னார்வலர்களின் தோலுக்குள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் செலுத்தி, எத்தனை கிருமிகள் சென்றால் சீழ் பிடிக்கிறது என்று கணக்கிட்டனர். வெறும் தோலில் சீழ் உண்டாகப் பல இலட்சக்கணக்கான கிருமிகள் தேவைப்பட்டன. அதே தோலில் கிருமி படிந்த ஒரு தையல் நூலை வைத்தபோது சில நூறு கிருமிகளே போதுமானவையாக இருந்தன. அதாவது, ஓர் அந்நியப் பொருள் இருந்த காரணத்தினாலேயே கிருமியின் வேலை ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு எளிதாகிவிட்டது. இத்தகைய சோதனையை இன்று நடத்த வேண்டுமானால் நெறிமுறைக் குழு எளிதில் இசைவு தராது. ஆயினும் அன்று தம் தோலில் சீழ்ப்புண்ணை ஏற்றுக்கொண்ட அந்தத் தன்னார்வலர்களால் கிடைத்த அறிவே, இன்று எந்தக் கருவியைப் பொருத்தும்போதும் இத்தனை கட்டுப்பாடுகள் கடைப்பிடிக்கப்படுவதற்கு அடிப்படை.

நூலோ உலோகமோ சிலிக்கோனோ, அது இருக்குமிடத்தில் உடலின் காவல் ஏன் தளர்ந்துபோகிறது? உடலுக்குள் சென்ற கணத்திலிருந்து எந்தப் பொருளும் தன் பழைய மேற்பரப்போடு இருப்பதில்லை. இரத்தத்திலும் திசுநீரிலும் உள்ள ஃபைப்ரினோஜன், ஃபைப்ரோநெக்டின் முதலிய புரதங்கள் அதன்மேல் மெல்லிய படலமாகப் படிந்துவிடுகின்றன. திசுவைக் கருவியோடு இணங்கச் செய்வதற்கு இந்தப் படலம் தேவை. ஆனால் ஸ்டெஃபிலோகாக்கஸ் இனக் கிருமிகளிடம் இதே புரதங்களைப் பற்றிக்கொள்ளும் கொக்கி போன்ற மூலக்கூறுகள் உள்ளன. நம் உடல் விரித்த பாயில் வந்து அமர்வது நம் விருந்தாளியா, அழையா விருந்தாளியா என்பது யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்தது. அந்தோணி கிறிஸ்டினா என்ற அமெரிக்க எலும்பு அறுவை வல்லுநர் 1987இல் இதனை 'மேற்பரப்புக்கான ஓட்டப்பந்தயம்' என்று வருணித்தார். திசு முந்தினால் கருவி உடலோடு ஒன்றிவிடும். கிருமி முந்தினால் தொல்லை தொடங்கும்.

அடுத்தது வெள்ளை அணுக்களின் நிலை. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணு தன்னைவிடச் சிறிய கிருமியை விழுங்கி, உள்ளேயே அழிப்பதில் வல்லது. ஆனால் அதன்முன் இருப்பது உள்ளங்கை அளவு உலோகமாக இருந்தால் அதனால் என்ன செய்ய இயலும்? விழுங்க முயன்று, இயலாமல், தன் வசமுள்ள நொதிகளையும் நச்சுப் பொருள்களையும் அந்தப் பரப்பின்மேல் கொட்டிவிட்டு ஓய்ந்துபோகிறது. பின்னர் உண்மையான கிருமி வரும்போது அதனிடம் ஆயுதம் குறைவு. சுவிட்சர்லாந்து ஆய்வாளர் வெர்னர் சிம்மர்லியும் அவருடைய குழுவினரும் 1982இல் வெளியிட்ட விலங்கு ஆய்வில், தோலின்கீழ் வைத்த கருவியைச் சுற்றியிருந்த வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்குவதிலும் கொல்வதிலும் வலுக்குன்றியிருந்ததைக் காட்டினர். நோயாளியின் பொதுவான எதிர்ப்புச் சக்தி நன்றாகவே இருக்கலாம். குறைபாடு கருவியைச் சுற்றிய சில மில்லிமீட்டர் இடத்தில்தான். "நல்ல சாப்பாடு, நல்ல உடம்பு, எனக்கு எப்படி வந்தது?" என்று வருந்துபவர்கள் இதை நினைவில் கொள்ளலாம். பலருக்குத் தொற்றை உண்டாக்குவது எல்லோருடைய தோலிலும் தீங்கின்றி வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ்தான். வெறும் தோலில் அது சாது. உலோகத்தின்மேல் அதன் குணம் வேறு.

ஒருமுறை ஒட்டிக்கொண்ட கிருமிகள் பெருகி, தம்மைச் சுற்றிச் சர்க்கரையும் புரதமும் கலந்த பசை போன்ற பொருளைச் சுரந்து, அதற்குள் கூட்டமாக வாழத் தொடங்குகின்றன. இதுவே பயோஃபிலிம் எனப்படும் உயிர்ப்படலம். நீர்த்தொட்டியின் உட்சுவரில் கைவைத்தால் வழுக்கும் பாசி அடுக்கும், துலக்காத பல்லில் படியும் மஞ்சள் படிவும் இதன் உறவுகளே. வில்லியம் காஸ்டர்டனும் அவருடைய சகாக்களும் 1982இல், இரத்தத்தில் நோய்த்தொற்று திரும்பத் திரும்ப வந்த ஒரு நோயாளியின் பேஸ்மேக்கர் கம்பியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, பசைக்குள் புதைந்த கிருமிக் கூட்டம் அதன்மேல் படிந்திருந்தது. மருந்து நிறுத்தியதும் காய்ச்சல் ஏன் திரும்பியது என்பதற்குக் கண்கூடான சான்று அது.

படலத்துக்குள் இருக்கும் கிருமிகளில் பல பெருகுவதை நிறுத்தி உறக்கநிலையில் இருக்கும். பென்சிலின் வகை மருந்துகள் கிருமி தன் சுவரைக் கட்டும்போது அதைத் தாக்குபவை. சுவர் கட்டாமல் உறங்கும் கிருமியை அவை அவ்வளவாகத் தீண்டுவதில்லை. ஆகவே தனித்து மிதக்கும் கிருமியைக் கொல்லும் அளவைப்போல் நூறு மடங்கு, சில வேளைகளில் ஆயிரம் மடங்கு மருந்தையும் இப்படலம் தாக்குப்பிடிக்கும். அவ்வளவு மருந்தை மனித உடல் தாங்காது. ஆய்வக அறிக்கையில் 'இம்மருந்து இக்கிருமிக்கு வேலை செய்யும்' என்று அச்சிடப்பட்டிருப்பதைக் காட்டி, "பிறகு ஏன் குணமாகவில்லை?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சோதனை படலத்துக்கு வெளியே, தனித்து வளரும் கிருமியின்மேல் செய்யப்படுவது. அறிக்கை சரியானதுதான், ஆனால் கருவியின்மேல் இருக்கும் கூட்டத்தைப் பற்றி அது பேசவில்லை.

கருவியை அகற்றச் சொல்வதன் காரணம் இப்போது விளங்கும். பேஸ்மேக்கர் வைத்த பையிலோ கம்பியிலோ தொற்று உறுதியானால், பெட்டியையும் கம்பிகளையும் முழுமையாக எடுத்துவிட்டு, தொற்று தீர்ந்தபின் வேறிடத்தில் புதியது வைப்பதே உலகெங்கும் ஏற்கப்பட்ட வழி. "இப்போதைக்கு மாத்திரை கொடுங்கள், பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப்போடுவது இதில் ஆபத்தானது. கம்பியின் முனை இதயத்துக்குள் இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது.

மூட்டுகளில் எப்போதும் அப்படியன்று. அறுவைக்குப்பின் சில வாரங்களுக்குள், அறிகுறி தோன்றிய சில நாள்களிலேயே வந்துவிட்டால், மூட்டைத் திறந்து நன்கு கழுவிச் சுத்தம் செய்து, மாற்றக்கூடிய பாகங்களை மட்டும் மாற்றிக் கருவியைக் காப்பாற்ற முடிவதுண்டு. இங்கே நமக்கு அறிமுகமான ஒரு மருந்து உதவுகிறது. காசநோய்க்குத் தரப்படும், சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும் ரிஃபாம்பிசின் அது. உறங்கும் ஸ்டெஃபிலோகாக்கஸையும் தாக்கும் திறன் அதற்கு உண்டு. சிம்மர்லி குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில் 33 நோயாளிகள் கலந்துகொண்டனர். சிகிச்சையை முழுமையாக முடித்தவர்களில், சிப்ரோஃப்ளாக்சசினோடு ரிஃபாம்பிசினும் பெற்ற 12 பேரும் குணமாயினர். ரிஃபாம்பிசின் இல்லாமல் மருந்து பெற்ற 12 பேரில் 7 பேரே குணமாயினர். சிறிய ஆய்வுதான். ஆனால் நடைமுறையை மாற்றியது. ரிஃபாம்பிசினைத் தனியாகக் கொடுத்தால் கிருமி விரைவில் எதிர்ப்புப் பெற்றுவிடும் என்பதால் எப்போதும் துணை மருந்தோடுதான் தரப்படும். இரண்டில் ஒன்று தீர்ந்துவிட்டதென்று மற்றொன்றை மட்டும் விழுங்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

எவ்வளவு காலம் மருந்து? குடும்பத்தாருக்கு இதுவும் பெரிய சுமை. பிரான்சு நாட்டில் செயற்கை மூட்டுத் தொற்று உள்ள 410 பேரை இரு பிரிவாக்கி, அறுவைக்குப்பின் ஒரு பிரிவுக்கு 6 வாரமும் மற்றதற்கு 12 வாரமும் மருந்து கொடுத்துப் பார்த்தனர். 2021இல் முடிவு வெளியானது. 6 வாரப் பிரிவில் 18.1 விழுக்காட்டினருக்குத் தொற்று நீடித்தது. 12 வாரப் பிரிவில் 9.4 விழுக்காட்டினருக்கே நீடித்தது. "இன்னும் ஆறு வாரமா?" என்ற சலிப்புக்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை. வேறொரு கேள்விக்கு வந்த விடை ஆறுதலானது. நரம்பு வழியே ஏற்றும் மருந்துதான் வலுவானது, மாத்திரை இரண்டாம் தரம் என்ற எண்ணம் மருத்துவர்களிடமே நெடுநாள் இருந்தது. பிரிட்டனில் எலும்பு, மூட்டுத் தொற்று உள்ள 1,054 பேரிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளியானபோது, ஓராண்டுக்குள் சிகிச்சை தோற்றது ஊசி மருந்துப் பிரிவில் 14.6 விழுக்காடு, மாத்திரைப் பிரிவில் 13.2 விழுக்காடு என்றிருந்தது. பொருத்தமான மாத்திரை கிடைத்தால் வீட்டுக்குப் போகலாம், கையில் குழாய் வேண்டியதில்லை என்பது நோயாளிக்கு எத்தனை பெரிய விடுதலை!

வந்தபின் போராடுவதைவிட வராமல் காப்பது எளிது என்பதற்கான சான்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலிருந்து கிடைத்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கழுத்திலோ மார்பிலோ பெரிய சிரைக்குள் செலுத்தும் குழாய் வழியாக இரத்தத்தில் தொற்று ஏறுவது அங்கே வாடிக்கையாயிருந்தது. பீட்டர் புரோனோவோஸ்ட் என்ற மருத்துவரின் முன்முயற்சியில் 100க்கும் மேற்பட்ட பிரிவுகள் ஒன்று சேர்ந்தன. புது மருந்தோ புதுக் கருவியோ இல்லை. கை கழுவுதல், குழாய் செருகும்போது உடல் முழுவதையும் மூடும் தூய துணிகள், தோலைக் குளோர்ஹெக்சிடினால் துடைத்தல், இயன்றவரை தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவை முடிந்த குழாயை உடனே அகற்றுதல் என்று ஐந்தே செயல்கள். அவசரமற்ற வேளையில் இவற்றில் ஒன்றை மருத்துவர் விட்டுவிட்டால், அவரைத் தடுத்து நிறுத்தலாம் என்றும் விதி செய்தனர். மூத்த மருத்துவரை ஒரு செவிலியர் தடுத்து நிறுத்துவது எளிய காரியமா? அந்த விதிதான் ஐந்திலும் கடினமானது என்று எனக்குத் தோன்றுகிறது. 2006இல் வெளியான முடிவின்படி, ஆயிரம் குழாய்நாள்களுக்குச் சராசரியாக 7.7 என்றிருந்த தொற்று, பதினெட்டு மாத அளவில் 1.4 ஆகக் குறைந்தது. குறைந்தது பாதிப் பிரிவுகளில் மூன்று மாதங்களிலேயே தொற்று பூச்சியமாயிற்று.

கிருமி ஒட்டாத பொருளைச் செய்துவிட்டால் போதுமே என்ற முயற்சியும் நடக்கிறது. பேஸ்மேக்கரை மருந்து தோய்த்த வலைப்பைக்குள் வைத்துப் பொருத்தும் முறையை ஏறத்தாழ 7,000 பேரிடம் சோதித்தபோது, பெருந்தொற்று 1.2 விழுக்காட்டிலிருந்து 0.7 ஆகக் குறைந்தது. ஆனால் வெள்ளிப் பூச்சுள்ள சிறுநீர்க் குழாய் ஏமாற்றியது. பிரிட்டனில் 7,000க்கும் மேற்பட்டோரிடம் ஒப்பிட்டபோது, சாதாரணக் குழாயில் 12.6 விழுக்காடும் வெள்ளிக் குழாயில் 12.5 விழுக்காடும் சிறுநீர்த் தொற்று கண்டது. விலை அதிகமான குழாயைக் கேட்டு வாங்குவதைவிட, "இன்று இந்தக் குழாய் தேவையா?" என்று தினமும் கேட்பது பயன் தரும். குழாய் வைத்த ஒரு மாதத்துக்குள் ஏறத்தாழ எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி காணப்படும். காய்ச்சல், நடுக்கம், அடிவயிற்று வலி இல்லாதவருக்கு அந்த அறிக்கையை மட்டும் பார்த்து மருந்து கொடுப்பது பொதுவாக வேண்டியதில்லை. வீட்டில் குழாயுடன் இருப்பவருக்குச் சிறுநீர்ப் பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது, பையைக் காலி செய்யுமுன்னும் பின்னும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

கருவி வைத்த இடம் சிவந்தாலோ, சூடாக வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ, காரணமறியாக் காய்ச்சல் வந்தாலோ, அது பல மாதங்களுக்குப் பின்னரே ஆனாலும், அறுவை செய்த மருத்துவரிடம் வாருங்கள். வழியில் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி இரண்டு நாள் விழுங்கிவிட்டு வந்தால், கிருமியைக் கண்டறியும் சோதனை பொய்த்துப்போகக் கூடும். பேஸ்மேக்கர் மேல் வீங்கிய இடத்தில் ஊசியால் நீரெடுக்க எவரையும் அனுமதிக்காதீர்கள். அதுவரை தூய்மையாய் இருந்த பைக்குள் அந்த ஊசியே கிருமியைக் கொண்டு சென்றுவிடலாம்.

இத்தகைய ஆய்வு ஒன்றில் சேருமாறு உங்களிடமே கேட்கப்படலாம். அப்போது ஒப்புதல் படிவத்தைத் தமிழில் பெற்று, வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்கலாம். எந்தப் பிரிவில் இடம் கிடைக்கும் என்பதை மருத்துவர் தேர்ந்தெடுப்பதில்லை. குலுக்கல் போன்ற முறையே தீர்மானிக்கும். நெறிமுறைக் குழு இசைவு தந்ததா, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் எண் உள்ளதா, ஆய்வினால் பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது ஆகிய மூன்றையும் தயங்காமல் கேளுங்கள். மறுத்தாலும், இடையில் விலகினாலும், உங்களுக்கு உரிய வழக்கமான சிகிச்சை தொடரும்; படிவத்திலேயே அவ்வாறு எழுதியிருக்க வேண்டும். எழுதியிருக்கவில்லை என்றால் கையொப்பமிட வேண்டாம்.